எண்ணெய்ச் சட்டி வைக்காமல் பண்டிகைக் காரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயுத பூஜையில் ஆரம்பித்தால் தீபாவளி, திருக்கார்த்திகை, அரையாண்டு விடுமுறை, பொங்கல் என்று நான்கு மாதத்துக்கு வீட்டில் கொறிக்க ஏதாவது இருந்துகொண்டே இருக்க வேண்டும். முறுக்கு பிழியவும் ஓமப்பொடி தேய்க்கவும் எல்லோருக்கும் தெம்பு இருப்பதில்லை. அவல், பொரி, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, மக்கானா, அப்பளம் ஆகியவற்றை வெறும் வாணலியில் வறுத்து, தாளித்துக் கொட்டிக் கலந்து வைக்கும் கார வகைகளைப் பற்றியது இந்தப் பக்கம். ஒவ்வொரு வருடமும் என் தங்கையும் நாத்தனாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் போனில் கேட்கிற கேள்விகளைத்தான் எழுதியிருக்கிறேன். கப் என்று வரும் இடமெல்லாம் 200 மி.லி. கப்.

முறுக்கு, சீடை இல்லாமல் இதைப் பண்டிகைப் பலகாரம் என்று எப்படிச் சொல்வது?

மகாராஷ்டிரத்தில் மெல்லிய அவலில் செய்யும் சிவ்டா இல்லாமல் தீபாவளிப் பலகாரத் தட்டே கிடையாது. மும்பையில் இரண்டு வருடம் இருந்தபோது எதிர்வீட்டு மராத்தியப் பாட்டியிடம்தான் அதைக் கற்றுக்கொண்டேன். நம் பக்கத்திலும் பொரி, அவல், கடலை இல்லாமல் ஆயுத பூஜை இல்லை, பொரி இல்லாமல் கார்த்திகை இல்லை. ஆக, பண்டிகைக்கும் இந்தப் பொருள்களுக்கும் உறவு பழையதுதான். முறுக்குக்கு இது ஈடாகுமா என்றால் ஆகாது. எங்கள் வீட்டில் முறுக்கைத் தெரிந்த மாமியிடம் சொல்லிவைத்து வாங்கிக்கொள்கிறோம். தினமும் நாலு முறை டப்பாவைத் திறந்து அள்ளுவதற்கு இது.

அவன், ஏர்ஃப்ரையர் ஏதாவது தேவையா?

வேண்டாம். அடி கனமான, வாய் அகன்ற ஒரு வாணலி போதும். இரும்பு வாணலி இருந்தால் நல்லது, சூடு சீராக நிற்கும். மைக்ரோவேவ் இருந்தால் அவலையும் கடலையையும் அதில் ஒவ்வொரு நிமிடமாக வைத்து, நடுநடுவே கிளறி வறுக்கலாம். ஆனால் இரண்டு கப்புக்கு மேல் போட்டால் நடுவில் ஒரு பிடி கருகும், ஓரத்தில் ஒரு பிடி பச்சையாகவே நிற்கும்.

எந்த அவல் வாங்க வேண்டும்? போன முறை செய்தது பல்லை உடைத்தது.

கெட்டி அவல் வாங்கியிருப்பீர்கள். உப்புமாவுக்கும் புளி அவலுக்கும் வாங்குகிற அவலை எண்ணெயில் போட்டால்தான் பொரிந்து மலரும். வெறும் வாணலியில் எவ்வளவு நேரம் வறுத்தாலும் அது விறைத்துக்கொள்ளுமே தவிர மொறுமொறுப்பாகாது. இதற்கு வேண்டியது மிக மெல்லிய அவல். கடையில் பேப்பர் அவல் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் லேசாகத் தெரிய வேண்டும்.

நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு தட்டையாக்கியதுதான் அவல். அதனால் அது ஏற்கெனவே பாதி வெந்தது. நாம் செய்ய வேண்டியது அதில் மிச்சமிருக்கும் ஈரத்தைப் போக்குவது மட்டும். மெல்லியதாக இருந்தால் சிறு தீயிலேயே ஈரம் போய்விடும். ஒரு விஷயம்: தீயைக் கூட்டினால் மெல்லிய அவல் சுருண்டு, சுருங்கி, பாதி அளவாகிவிடும். எட்டு கப் போட்டு ஐந்து கப் எடுத்த கதை என் முதல் முயற்சி. மும்பைப் பாட்டி காலையில் அவலை வெள்ளைத் துணியில் பரப்பி இரண்டு மணி நேரம் வெயிலில் காயவைத்துவிட்டு, பிறகுதான் வாணலிப் பக்கமே போவார். நமக்கு ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? சிறு தீதான்.

சரி, அவல் மிக்சருக்கு அளவும் முறையும் என்ன?

மெல்லிய அவல் 250 கிராம், பச்சை வேர்க்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை 75 கிராம், மெல்லியதாகச் சீவிய கொப்பரை ஒரு பிடி, முந்திரி 10, இரண்டாகக் கிள்ளிய காய்ந்த மிளகாய் 4, கறிவேப்பிலை இரண்டு பிடி, கடலை எண்ணெய் 4 மேசைக்கரண்டி, கடுகு ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, பெருங்காயத்தூள் அரைத் தேக்கரண்டி, பொடித்த உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. பொடித்த சர்க்கரை இரண்டு தேக்கரண்டி போடுவது மராத்தியப் பழக்கம். எனக்குப் பிடிக்கும், என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது.

முதலில் அவலைச் சல்லடையில் சலித்துத் தூளை நீக்குங்கள். தூள் இருந்தால் அதுதான் முதலில் கருகி எல்லாவற்றுக்கும் கருகல் வாசம் ஏற்றும். இரண்டு ஈடாகப் பிரித்து, சிறு தீயில், தோசைத் திருப்பியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக்கொண்டே இருங்கள். நிறம் மாறக் கூடாது. ஈட்டுக்கு ஆறேழு நிமிடம் ஆகும். இரண்டு அவலை விரலிடையே வைத்து நசுக்கினால் வளையாமல் பொடிந்து போக வேண்டும், அதுதான் பதம். அகலமான தாம்பாளத்தில் கொட்டிவிடுங்கள்.

அதே வாணலியில் எண்ணெய் ஊற்றி, அது காய்வதற்கு முன்பே வேர்க்கடலையைப் போடுங்கள். காய்ந்த எண்ணெயில் போட்டால் தோல் கருகும், உள்ளே பச்சை வாசம் நிற்கும். படபடவென்று வெடிக்கும் சத்தம் வந்து, பிறகு அடங்கும். அடங்கியதும் அரித்தெடுத்து அவல்மேல் கொட்டுங்கள். அடுத்து முந்திரி, கொப்பரை, இரண்டும் பொன்னிறத்தில். பிறகு கடுகு, மிளகாய், கறிவேப்பிலை. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான், அதனால் அது கடைசியில் அரை நிமிடம் எண்ணெயில் புரண்டால் போதும். அடுப்பை அணையுங்கள். அதற்குப் பிறகுதான் பெருங்காயம், மஞ்சள், மிளகாய்த்தூள். உடனே அவலைக் கொட்டி, உப்பைப் பரவலாகத் தூவி, இரண்டு கரண்டிகளால் தூக்கித் தூக்கிக் கலக்குங்கள். அழுத்திக் கிளறினால் அவல் நொறுங்கும். வாணலி சிறியதென்றால் தாம்பாளத்திலேயே கலக்கலாம், அவசரமில்லை.

கலந்தபின் மறுபடியும் அடுப்பில் ஏற்றி, மிகச் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டுவேன். தாளிப்பில் ஒளிந்திருந்த ஈரம் அப்போது போகும். பலர் விட்டுவிடுகிற படி இதுதான். சர்க்கரை போடுவதானால் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு தூவுங்கள். சூட்டில் போட்டால் உருகிக் கட்டி கட்டியாகும்.

உப்பும் காரமும் ஒட்டாமல் டப்பாவின் அடியில் நிற்கிறதே?

உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும், பரல் பெரிதாக இருந்தால் உதிர்ந்துவிடும். அதனால் உப்பை மிக்சியில் மாவாகப் பொடித்துக்கொள்ளுங்கள். கல் உப்பில் ஈரம் இருக்கும், அதை வெறும் வாணலியில் படபடக்கும் வரை வறுத்துவிட்டுப் பொடிக்க வேண்டும். மஞ்சளின் நிறமும் மிளகாயின் நிறமும் உறைப்பும் எண்ணெயில் கரைபவை. ஆகவே அவற்றை எண்ணெயில் போட்டால் எல்லா அவலுக்கும் சமமாகப் போய்ச் சேரும். காய்ந்த அவல்மேல் தூவினால் கீழே இறங்கிவிடும்.

இன்னொரு தப்பு, ஆறிய பிறகு மசாலா தூவுவது. எண்ணெய் சூடாக, இளக்கமாக இருக்கும்போதே தூவ வேண்டும்.

மிளகாய்த்தூள் போட்டதும் வீடே இருமுகிறது.

எண்ணெய் அதிகம் காய்ந்திருக்கிறது. அடுப்பை அணைத்து, பத்து எண்ணிவிட்டுப் போடுங்கள். அப்போதும் பயமாக இருந்தால் முதலில் பொட்டுக்கடலையைப் போட்டு எண்ணெயின் சூட்டைக் கொஞ்சம் தணித்துவிட்டு, அப்புறம் தூள். நெடி வந்துவிட்டால் அந்த எண்ணெய் கசக்கும். அதை அவலில் கொட்டி ஒரு ஈடு முழுவதையும் கெடுப்பதைவிட எண்ணெயை விட்டுவிடுவது லாபம்.

கறிவேப்பிலையும் பூண்டும் போட்டால் சீக்கிரம் நமத்துப்போகிறது, ஏன்?

இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது, அதுதான் காரணம். கறிவேப்பிலையை முதல் நாளே கழுவி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். தாளிக்கும்போது கையில் எடுத்து நொறுக்கினால் அப்பளம்போல உடைய வேண்டும். பூண்டைத் தோலோடு ஒரு தட்டுத் தட்டி, தனியாக, பொறுமையாக, ஓரம் சிவந்து பல் சுருங்கும் வரை எண்ணெயில் விடுங்கள். உள்ளே மெத்தென்று இருக்கும் பூண்டு ஒரே ஒரு பல் இருந்தாலும் மறுநாள் அதைச் சுற்றியுள்ள ஒரு பிடி மிக்சர் தொய்ந்து கிடக்கும். நமத்துப்போன டப்பாவைக் கிளறிப் பாருங்கள், குற்றவாளி பெரும்பாலும் பூண்டுதான்.

பச்சை மிளகாய் போடுவதும் அப்படித்தான். மும்பையில் போடுவார்கள், அது வெள்ளையாக வறண்டுபோகும்வரை வறுப்பார்கள். மழைக்காலத்தில் நான் துணிவதில்லை.

என்ன செய்தாலும் இரண்டே நாளில் நமத்துப்போகிறது. எங்கே தப்பு?

தப்பு வாணலியில் இல்லாமல் ஆறவைக்கும் இடத்தில் இருக்கலாம். நம் பண்டிகைகளில் பாதி வடகிழக்குப் பருவமழையோடு வருபவை. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை, அதுவும் கடலோர ஊர்களில், காற்றே பாதி தண்ணீர். வறுத்த அவலும் பொரியும் காய்ந்த பஞ்சு மாதிரி, கிடைத்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவு, மூன்று தாம்பாளம் நிறைய அவல் மிக்சர் செய்து, நன்றாக ஆறட்டும் என்று கூடத்தில் ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். வெளியே தூறல், ஜன்னல் திறந்திருந்தது. விடிந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து ஒரு வாய் போட்டால் தாளித்த காகிதம் மாதிரி இருந்தது. ஃபேன் ராத்திரி முழுக்க ஈரக்காற்றை அதன்மேல் வீசியிருக்கிறது.

அதற்கு அடுத்த வருடம், உஷாராக இருக்கிறேன் பேர்வழி என்று சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடினேன். மூடியின் உட்புறம் வியர்த்து, சொட்டி, மேல்பாதி போயிற்று.

சரியான நேரம் இந்த இரண்டுக்கும் நடுவில். மெல்லியதாகப் பரப்பினால் பதினைந்து இருபது நிமிடத்தில் ஆறிவிடும். புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு துளியும் தெரியவில்லை என்றதும் உடனே டப்பாவில் போட்டு இறுக மூட வேண்டும். ஏ.சி. உள்ள அறை இருந்தால் அங்கே ஆறவையுங்கள். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடும், வெளியே வழியும் தண்ணீர் அதுதானே.

டப்பா விஷயத்திலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரே பெரிய டப்பாவில் போட்டு எல்லோரும் நாள் முழுக்கத் திறந்தால் எந்த மிக்சரும் தாங்காது. மொத்தத்தையும் இறுக்கமான எவர்சில்வர் டப்பாக்களில் மூடி வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் வெளியே வையுங்கள். ஈரக் கை, ஈரக் கரண்டி கூடவே கூடாது. வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடியைத் துணியில் முடிந்து டப்பாவின் ஓரத்தில் வைத்தால் கொஞ்சம் உதவும். அதிசயம் எல்லாம் நடக்காது.

நமத்துப்போனதைத் திருப்பி மொறுமொறுப்பாக்க முடியுமா?

முடியும். வெறும் வாணலியில் சிறு தீயில் நாலைந்து நிமிடம் புரட்டினால் போதும். சர்க்கரை போட்ட மிக்சர் என்றால் அடியில் பிடிக்கும், கவனம். ஒருமுறைதான் இப்படி மீட்கலாம். இரண்டாம் முறை கடலையில் சிக்கு வாடை தலைகாட்டும்.

ஆயுத பூஜைப் பொரி மூட்டையாக மீந்து கிடக்கிறது. காரப்பொரிக்கு வழி சொல்லுங்கள்.

வீட்டுப் பூஜை, அலுவலகப் பூஜை, பட்டறைப் பூஜை, மெக்கானிக் கடைப் பூஜை என்று நாலு பக்கத்திலிருந்தும் பொரி வந்து சேரும் நாள் அது. மறுநாள் காலையில் குழந்தைகள் வெறும் பொரியைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

பொரியை முதலில் முறத்தில் புடையுங்கள், இல்லையென்றால் சலியுங்கள். பொரி சூடான மணலில் வறுத்து எடுப்பது, பாக்கெட்டின் அடியில் கொஞ்சம் மணல் இருப்பது சகஜம். கடலைக்கும் பொரிக்கும் நடுவில் அகப்படும் கல்லையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு கப் பொரிக்கு: தோலோடு பூண்டு எட்டுப் பல், காய்ந்த மிளகாய் ஐந்து, இவற்றைச் சிட்டிகை உப்போடு உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்சியில் விழுதாக அரைத்துவிடாதீர்கள், விழுது என்றாலே ஈரம். மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, இடித்த கலவை, வறுத்த வேர்க்கடலை முக்கால் கப், பொட்டுக்கடலை அரை கப், மஞ்சள் சிட்டிகை. பூண்டு மொறுவென்று ஆனதும் பொரியைக் கொட்டி, சிறு தீயில் ஐந்து நிமிடம் கைவிடாமல் புரட்டுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள், ஏனென்றால் பெரும்பாலான பொரியில் செய்யும்போதே உப்பு சேர்த்துவிடுகிறார்கள். இதைப் பார்க்காமல் உப்பைக் கொட்டிவிட்டு இன்னும் இரண்டு படி வெறும் பொரி சேர்த்துச் சமாளித்தவர்கள் வரிசையில் நானும் உண்டு.

கார்த்திகைக்கு வாங்கிய பொரியில் உருண்டை பிடித்தது போக மீதி இருந்தாலும் இதே முறைதான். வெங்காயம், கேரட், தக்காளி நறுக்கிப்போட்டுச் சாப்பிடும் மசாலாப் பொரி வேறு சமாசாரம். அதைக் கலந்த ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிட வேண்டும்.

மக்கானா என்றால் தாமரை விதையா? எப்படிச் செய்வது?

கடைகளில் தாமரை விதை என்றுதான் எழுதி வைக்கிறார்கள். உண்மையில் அது தாமரை இல்லை, அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, இலையெல்லாம் முள்ளாக இருக்கும் வேறொரு நீர்ச்செடியின் விதை. பீகாரின் குளங்களில்தான் அதிகம் விளைகிறது. மிதிலா மக்கானாவுக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கறுப்பான அந்த விதையை வறுத்து, சூட்டோடு தட்டி வெடிக்கவைத்தால் வெள்ளை உருண்டை.

நாலு கப் மக்கானாவை ஒரு தேக்கரண்டி நெய்யில் சிறு தீயில் பத்து நிமிடமாவது வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் வெளியே காய்ந்து உள்ளே சவ்வு மாதிரி நிற்கும். ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், பல்லில் ஒட்டாமல் பொரிபோல உடைய வேண்டும். மசாலாவுக்கு என் ஓட்டு இட்லிப் பொடிக்குத்தான். வறுத்த மக்கானாமேல் ஒரு தேக்கரண்டி சூடான நல்லெண்ணெயைச் சுற்றிவிட்டு, ஒன்றரை மேசைக்கரண்டி இட்லிப் பொடியைத் தூவிக் குலுக்குங்கள். பொடி நைஸாக இருக்க வேண்டும். வீட்டில் வந்தவர்கள் இது என்ன என்று கேட்காமல் போனதில்லை. விலைதான் கடிக்கும், அதனால் பெரிய கூட்டத்துக்கு இது சரிப்படாது.

அப்பளம், கார்ன்ஃபிளேக்ஸ், சிறுதானிய அவல் இவற்றையும் சேர்க்கலாமா?

உளுந்து அப்பளத்தைத் தணலிலோ அடுப்புத் தீயிலோ சுட்டு, நொறுக்கி அவல் மிக்சரில் கலந்தால் பிரமாதம். ஆறு அப்பளம் போதும். அப்பளத்தில் உப்பு தூக்கலாக இருக்கும், மிக்சரில் அரைத் தேக்கரண்டி குறைத்துவிடுங்கள்.

கார்ன்ஃபிளேக்ஸில் இரண்டு ஜாதி. காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுவதை அப்படியே தாளிப்பில் புரட்டலாம். மளிகைக் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும் மஞ்சள் மக்காச்சோள அவல் பச்சை. அதை எண்ணெயில் பொரித்தே ஆக வேண்டும், இங்கே உதவாது.

கம்பு, சோளம், கேழ்வரகு அவல் ஒவ்வொன்றும் ஒரு கனம். ஒரு பிடியை மட்டும் முதலில் வறுத்துப் பாருங்கள். ஐந்தாறு நிமிடத்தில் நொறுங்கினால் கிலோ வாங்கலாம், இல்லையென்றால் உப்புமாவுக்கு.

புளிப்புச் சுவை வேண்டும். எலுமிச்சம்பழம் பிழியலாமா?

சாப்பிடும் நேரத்தில் தட்டில் பிழிந்துகொள்ளுங்கள், டப்பாவுக்குள் வேண்டாம். சேமித்து வைக்க மாங்காய்த்தூள் நல்லது. சாட் மசாலாவும் போடலாம். நிழலில் உலர்த்திய புதினாவை வாணலியில் ஒரு நிமிடம் காட்டி நொறுக்கி, மாங்காய்த்தூள், கறுப்பு உப்பு, சீரகத்தூளோடு கலந்து வைத்துக்கொண்டால் பொரிக்கும் ஆகும், மக்கானாவுக்கும் ஆகும், வறுகடலைக்கும் ஆகும்.

எந்த எண்ணெய்?

கடலை எண்ணெய். இட்லிப் பொடி சேரும் இடத்தில் நல்லெண்ணெய். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்கள் தேங்காய் எண்ணெய் என்பார்கள், கொப்பரை போட்ட அவலுக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெயும் நெய்யும் உறைந்து வாயில் மெழுகுபோல ஒட்டும். பலகாரம் பொரித்து மீந்த எண்ணெயில் மட்டும் தாளிக்காதீர்கள், சிக்கு வாடை முதல் நாளே வந்துவிடும்.

பொரிக்காததால் இது உடம்புக்கு நல்லதுதானே? நிறையச் சாப்பிடலாமா?

எண்ணெய் குறைவு, உண்மை. மேலே சொன்ன அவல் மிக்சர் கிட்டத்தட்ட அரைக் கிலோ வரும், அதற்கு 60 மி.லி. எண்ணெய். ஒரு சின்னக் கிண்ணம், அதாவது 50 கிராம் சாப்பிட்டால் ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல் எண்ணெய். ஆனால் வேர்க்கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு என்பதை மறந்துவிடக் கூடாது.

உப்புதான் என் கவலை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த மிக்சரில் ஒரு கிண்ணத்துக்கு ஒரு கிராம் பக்கம் போய்விடுகிறது. டி.வி. பார்த்துக்கொண்டே மூன்று கிண்ணம் போனால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் நான் உப்பைப் பாதியாக்கி, மாங்காய்த்தூளும் மிளகும் கூட்டிவிடுவேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொரி லேசானது என்ற எண்ணம் இருக்கிறது. அது எடையில்தான் லேசு, மற்றபடி அரிசி. அவர்களுக்குக் கடலைகளைக் கூட்டி அவலைக் குறைத்துச் செய்யுங்கள்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? அவர்களைச் செய்யவிடலாமா?

நாலைந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை, முழு முந்திரி, பொட்டுக்கடலை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். பண்டிகைக் கூட்டத்தில் யார் மடியிலிருந்து எதை அள்ளி வாயில் போட்டார்கள் என்று தெரியாது, அதனால் கீழே எட்டும் இடத்தில் தட்டை வைக்க வேண்டாம். அவர்களுக்கென்று காரமில்லாமல், கடலை இல்லாமல், நெய்யில் மிளகுத்தூளும் உப்பும் போட்ட பொரி ஒரு டப்பா தனியாக இருக்கட்டும்.

செய்வதில் பெரிய பிள்ளைகள் நன்றாகவே உதவுவார்கள். சலிப்பது, கறிவேப்பிலை உருவுவது, பூண்டு தட்டுவது, கடைசியில் குலுக்கிக் கலப்பது. எண்ணெய் அடுப்பில் இருக்கும்போது மட்டும் சமையலறைக்கு வெளியே நிற்கட்டும்.

பூண்டு சேர்க்காதவர்களுக்கு? கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு?

பூண்டுக்குப் பதில் பெருங்காயத்தை ஒன்றரை மடங்காக்கி, இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி சேர்த்தால் குறை தெரியாது. படைக்கிற அன்று நான் அப்படித்தான் செய்கிறேன். கோதுமை ஆகாதவர்கள் வீட்டுக்கு என்றால் பெருங்காய டப்பாவின் லேபிளைப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் சிலர் இருக்கிறார்கள், கொடுத்தனுப்பும் டப்பாவில் கடலை இருக்கிறது என்று ஒரு வரி எழுதி ஒட்டுவது நல்லது.

எத்தனை நாள் தாங்கும்? வெளியூருக்கு எப்படி அனுப்புவது?

அவல் மிக்சர் சரியாக வறுத்து மூடினால் இரண்டு, மூன்று வாரம். காரப்பொரி ஒரு வாரம். மக்கானா நாலைந்து நாளிலேயே தொய்ய ஆரம்பிக்கும். கெட்டுப்போவதற்கு முன்னால் கடலையும் முந்திரியும் சிக்கு வாடை அடிக்கும், மூக்கே சொல்லிவிடும்.

அனுப்புவதானால் கனமான பிளாஸ்டிக் உறையில் காற்றை முழுக்கப் பிழிந்து எடுக்காமல் கொஞ்சம் விட்டு ஒட்டுங்கள். காற்றுதான் மெத்தை, இல்லையென்றால் போய்ச்சேரும்போது அவல் மாவாகியிருக்கும். செய்தித்தாளில் பொட்டலம் கட்டாதீர்கள், எண்ணெய்ப் பண்டத்தில் அச்சு மை ஏறும்.

டப்பா அடியில் நிற்கும் தூளை என்ன செய்வது?

உடைந்த அவல், கறிவேப்பிலைத் துணுக்கு, மிளகாய், உப்பு எல்லாம் சேர்ந்த அந்தத் தூளுக்கு எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும். தயிர்ச் சாதத்தில் ஒரு கரண்டி தூவிக்கொள்ளுங்கள், ஊறுகாய் தேவைப்படாது. தோசை ஊற்றி, வெந்துவரும்போது மேலே தூவி மடித்தாலும் நன்றாக இருக்கும். உப்பு அதில் தூக்கலாக இருக்கும், மாவில் உப்பைக் கொஞ்சம் குறைத்துக் கலக்குங்கள்.